தொண்ணூற்றைந்து ஆமாம், ஓர் இல்லை

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். அதை மறைத்துவிட்டு இந்தக் கதையைச் சொல்ல முடியாது, ஏனென்றால் இதில் நடந்த கூத்தில் பாதி என் கோபம் செய்த வேலை. மீதியைச் சரிசெய்தவள் சிகப்பி என்கிற பிள்ளை. அவளை நினைக்காமல் எனக்கு ஒருநாளும் பொழுது விடிவதில்லை, அது மட்டும் சத்தியம்.

என் பெயர் அகிலா, ஊர் தேவகோட்டை, அப்பா தச்சு வேலை பார்க்கிறார். போன வருஷம் காரைக்குடியில் எம்.எட். இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். அந்தப் படிப்பை முடிக்க ஓர் ஆய்வேடு எழுதிக் கொடுக்க வேண்டும். என் தலைப்பு, ‘பல்கலைக்கழக மாணவர்களிடையே அலைபேசிவழிக் கற்றல்.’ வெட்டவெளிச்சமாகச் சொன்னால், பிள்ளைகள் போனில் பாடம் படிக்கிறார்களா, இல்லை ரீல்ஸ் பார்த்துக்கொண்டு படிக்கிறேன் என்கிறார்களா என்பதுதான் கேள்வி. ஏப்ரல் முப்பதாம் தேதி மாலை நாலு மணிக்குள் ஆய்வேட்டைக் கொடுத்துவிட வேண்டும். தவறினால் ஆறு மாதம் தள்ளிப்போகும்.

ஆறு மாதம்தானே என்று நினைப்பீர்கள். எங்கள் ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில், எம்.எட். முடித்துவிட்டு ஜூனில் வந்து சேரம்மா என்று நிரந்தர இடம் ஒன்றை எனக்காக வைத்திருந்தார்கள். நான் முடிக்காவிட்டால் அந்த இடத்துக்கு அடுத்த ஆள் தயார். லீவில் போன டீச்சருக்குப் பதிலாக ஆறு வருஷம் அங்கும் இங்கும் நின்று, அவர்கள் திரும்பி வந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியவள் நான். அந்த நாற்காலி எனக்கு வேண்டும்.

மற்ற அத்தியாயமெல்லாம் எழுதியாகிவிட்டது. மாணவர்களிடம் கேட்டு நிரப்பும் கேள்வித்தாள்தான் பாக்கி. பல்கலைக்கழகத்துக்கு உட்பட்ட ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் மூன்றாம் ஆண்டு, இரண்டு பிரிவு, மொத்தம் தொண்ணூற்றாறு பேர். அந்தக் கல்லூரி ஒரு ஆப் வைத்திருக்கிறது. ஆசிரியர்கள் நடத்தும் பாடத்தையெல்லாம் காணொளியாக அதில் ஏற்றுவார்கள். நான் இருபத்துநாலு கேள்வி போட்டு, ஆமாம், இல்லை என்று தொட்டால் போதும் என்கிற மாதிரி போனிலேயே ஒரு படிவம் செய்தேன். பேர் கேட்கவில்லை. கடைசியில் ‘வேறு ஏதும் சொல்ல விரும்பினால்’ என்று ஒரு கட்டம். அதைப் பிள்ளைகளின் வாட்ஸ்அப் குரூப்பில் போடச் சொல்லி, என்னையும் அதில் சேர்த்துக்கொள்ளச் சொல்லி, நேரில் வகுப்புக்கும் போய் நின்றேன்.

“தம்பி தங்கச்சிகளா, இது ஏதோ பாரம்னு நினைச்சுறாதீக. அக்காவோட வாழ்க்கையே இதுலதான் இருக்கு. பாத்து நிரப்பிக் குடுங்க” என்று கும்பிட்டுவிட்டு வந்தேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பது அப்போது எனக்கு நினைவு வரவில்லை.

மாலை ஆறு மணிக்குள் தொண்ணூற்றாறும் வந்துவிட்டது. எம்.எட். வரலாற்றில் இப்படி நடந்திருக்காது. என்னோடு படித்தவர்களெல்லாம் ஒரு படிவத்துக்கு நாலு தடவை கெஞ்சிக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் ஆப்பைப் பார்க்கிறார்கள், எல்லாரும் போனில் குறிப்பு எடுக்கிறார்கள், எல்லாருக்கும் புரிகிறது. அம்மாவிடம் சொல்லிவிட்டு இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

சாப்பிட்டுவிட்டு வந்து மறுபடி பார்த்தால், நடுவில் ஒரே ஒரு படிவம். சொந்தமாகப் போன் இருக்கிறதா? இல்லை. ஆப்பைத் தினமும் திறக்கிறீர்களா? இல்லை. கிட்டத்தட்ட எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை, இல்லை. எனக்குச் சுர்ரென்று ஏறியது. கீழே வரை உருட்டிப் பார்க்கும் பொறுமை ஏது? போனை எடுத்தேன், குரூப்பில் குரலைப் பதிந்தேன்.

“யாருப்பா அந்த மகராசி? எல்லாத்துக்கும் இல்லை இல்லைன்னு அமுக்கி வச்சிருக்கது? கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு? வெளையாடுறதுக்கு என் ஆராய்ச்சிதான் கெடைச்சுச்சா? தொண்ணூத்தஞ்சு பேரு ஒழுங்காச் செஞ்சிருக்காக. ஒரு ஆளால எல்லாம் கெட்டுப்போகும் பாத்துக்க!”

ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது. மகராசி என்று ஏன் வந்ததோ, வந்துவிட்டது.

மறுநாள் என் வழிகாட்டி பொன்னுத்தாயி மேடத்திடம் பெருமையாக எடுத்துக்கொண்டு போனேன். மேடம் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கணினியில் வரிசை வரிசையாகப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, “அகிலா, பத்தொன்பதாவது கேள்வி என்னம்மா?” என்றார்.

“‘ஆப்பில் உள்ள பாடத் தோட்டம் பகுதியைத் திறந்து பார்த்திருக்கிறேன்.’ நீங்க சேக்கச் சொன்னது மேடம்.”

“தொண்ணூத்தஞ்சு பேரு பாத்திருக்காக.”

“ஆமா மேடம்!”

“அப்படி ஒரு தோட்டமே அதுல கெடையாதும்மா. படிச்சுப் பாத்துப் போடுறாகளான்னு தெரிஞ்சுக்கத்தான் சேக்கச் சொன்னேன். கேப்பையில நெய் வடியுதுன்னா கேக்குறவளுக்குப் புத்தி எங்க போச்சு? இருபத்துநாலு கேள்விக்கும் தொண்ணூத்தஞ்சு பேரும் ஒரே ‘ஆமாம்’. ஒரு தாயி வயித்துப் பிள்ளைகளே இப்படி ஒத்துப்போகாதே.”

மேடம் அந்த ஒற்றைப் படிவத்தைத் திறந்தார். அதில் பாடத் தோட்டத்துக்கும் ‘இல்லை’. கடைசிக் கட்டத்தில் நான் பார்க்காமல் விட்ட வரிகள் இருந்தன. ‘எனக்குப் போன் கிடையாது. காலையில் கண்டனூர் பஸ்ஸில், பக்கத்தில் இருப்பவர் போனில் பாடம் கேட்டு எழுதிக்கொள்வேன். அதற்குப் பேர் அலைபேசிவழிக் கற்றல் என்றால், ஆமாம்.’

“உங்கிட்ட இருக்குற ஆராய்ச்சி மொத்தமும் இந்த ஒண்ணுதான்” என்றார் மேடம். “மத்ததத் தூக்கிப் போடு.”

நேராகக் கல்லூரிக்குப் போய், வகுப்புப் பிரதிநிதி முத்தரசுவைப் பிடித்தேன். கழுத்தைத் திருகிவிடும் நினைப்போடுதான் போனேன். அவன் என்னைக் கண்டதும் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

“அக்கா, நூத்துக்கு நூறு வந்துச்சா? நாந்தான்க்கா எல்லாத்துக்கும் ‘ஆமாம்’ போடுங்கடான்னு தனியா மெசேஜ் போட்டேன். உங்க வாழ்க்கைன்னு சொன்னீகல்ல? நம்ம அக்கா பெயிலாகிறக் கூடாதுன்னு, போடாதவுகளுக்கெல்லாம் போன் அடிச்சுப் போட வச்சேன். ஒண்ணு மட்டும் எப்படித் தப்புச்சுன்னு தெரியலக்கா.”

இவனை என்ன சொல்லித் திட்டுவது? பரீட்சைக்கு உட்கார்ந்திருப்பது அவர்கள் இல்லை, நான்தான் என்று நினைத்து மொத்த வகுப்பும் சேர்ந்து எனக்குப் பிட் கொடுத்திருக்கிறது. “வந்துச்சுடா, நூத்துக்கு நூறு” என்று சொல்லிவிட்டு வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தேன். கையில் இன்னும் பதினாறு நாள் இருந்தது.

ஆளைத் தேடிப் போகாதே, பேர் சொல்லாமல் எழுதியவரைத் தோண்டக் கூடாது, ஆனால் அந்தப் பஸ்ஸில் எப்படிப் படிக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வா என்று மேடம் சொல்லியிருந்தார். மறுநாள் தேவகோட்டையில் முதல் பஸ் ஏறிக் காரைக்குடி வந்து, அங்கிருந்து கண்டனூர் போய் இறங்கினேன். பெரிய பெரிய வீடுகள் வரிசையாகப் பூட்டிக் கிடந்தன. பஸ் நிறுத்தத்தில் மட்டும் ஏகப்பட்ட கல்லூரிப் பிள்ளைகள் நின்றார்கள்.

எட்டேகால் பஸ்ஸில் ஏறி நடுவில் ஒரு சீட்டில் உட்கார்ந்தேன். எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஒருத்தி கண்ணை இறுக மூடிக்கொண்டு, போனை மட்டும் பக்கத்தில் இருந்தவளின் முகத்துக்கு நேராக நீட்டிப் பிடித்திருந்தாள். பக்கத்தில் இருந்தவள் மடியில் பையை வைத்து, பை மேல் நோட்டை வைத்து எழுதிக்கொண்டே வந்தாள். போனில் ஓர் ஆசிரியர் ஒன்றரை மடங்கு வேகத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். ஆளுக்கு ஒரு காதில் வயர்.

அந்தக் கையெழுத்தை எட்டிப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நீல மசி, குண்டு குண்டான எழுத்து, வரிக்கு நடுவில் திடீரென்று ஓர் எழுத்து மேலே துள்ளிக் குதிக்கும். குரூப்பில் சேர்ந்த இந்த இரண்டு நாளில் காலை ஒன்பதே முக்காலுக்கு வந்த நோட்ஸ் படத்தில் இருந்த அதே எழுத்து. சத்தியப்பிரியா என்கிற எண்ணிலிருந்து வரும். ‘சத்யா நோட்ஸ் வந்துருச்சு’ என்று ஒரு கூட்டமே காத்திருக்கும். பஸ் ஒரு பள்ளத்தில் ஏறி இறங்கியது. என் கண் முன்னால் ஓர் எழுத்து துள்ளியது.

போன் பிடித்திருந்தவள் கண்ணைத் திறந்து திரும்பினாள். வகுப்பில் பார்த்த முகம். “ஐயோ, அகிலா அக்கா” என்றாள். அவள்தான் சத்தியப்பிரியா.

எழுதிக்கொண்டிருந்தவள் பேனாவை மூடினாள். என்னை நேராகப் பார்த்தாள்.

“நாந்தான்க்கா அந்த மகராசி” என்றாள்.

அவள்தான் சிகப்பி. எனக்குச் செத்துவிடலாம் போல இருந்தது. அந்தக் குரலை அவள் இந்தப் போனில்தான், இதே சீட்டில் உட்கார்ந்து கேட்டிருக்கிறாள்.

“தாயி, நான்...” என்று தொடங்கினேன்.

“பரவால்லக்கா. இவ போன்லதான் நிரப்புனேன். எல்லாரும் ஆமாம் போடுறாகன்னு இவளும் சொன்னா. இல்லாத போன இருக்குன்னு எப்படிக்கா போடுறது? கை வரல.”

அவள் அப்பா கொத்தனார். வேலைக்குச் சொல்லி அனுப்புகிறவர்கள் போனில்தான் கூப்பிடுவார்கள் என்பதால் வீட்டில் இருக்கும் ஒரே போன் காலையில் அவரோடு கிளம்பிப் போய்விடும். சத்தியப்பிரியாவிடம் போன் இருக்கிறது, ஆனால் ஓடுகிற பஸ்ஸில் குனிந்து ஒரு வரி எழுதினால் அவளுக்குக் குமட்டிக்கொண்டு வரும். சாயங்காலமானால் அவளுக்கு வயல், மாடு என்று வீட்டு வேலை சரியாக இருக்கும். ஆக, சத்யா போன், சிகப்பி கை. கண்டனூரிலிருந்து காரைக்குடி வருவதற்குள் ஒரு பாடம். கல்லூரிக்குப் போய் மணி அடிப்பதற்குள் சத்யா படம் எடுத்துக் குரூப்பில் போடுவாள். இரண்டு வருஷமாக இப்படி.

“அப்ப, கிளாஸ் மொத்தமும் படிக்கிறது ஒன் நோட்ஸைத்தானா? ஏன்த்தா சொல்லல?”

“நான் சொல்றேன்னுதான்க்கா சொன்னேன்” என்றாள் சத்தியப்பிரியா. “இவதான் சத்தியம் வாங்கிக்கிட்டா.”

சிகப்பி ஜன்னல் பக்கம் பார்த்தாள். “போன் இல்லாத பிள்ளைன்னு தெரிஞ்சா பாவம்னு பாப்பாகக்கா. நல்லா எழுதுறான்னு யாரும் நினைக்க மாட்டாக.”

ஒரு போன்கூடக் கையில் இல்லாத பிள்ளை. அவள் எழுத்துதான் தொண்ணூற்றைந்து பேரின் போனில் அலைபேசிவழிக் கற்றலாக உட்கார்ந்திருக்கிறது. அவளைத்தான் நான் கண் பொடனியிலா இருக்கிறது என்று கேட்டேன். என் கண் எங்கே இருந்தது?

மறுபடி எப்படிக் கேட்டால் உண்மை வரும் என்று அவளிடமே கேட்டேன். வேறு யாரிடம் கேட்பேன்?

“கேக்குற ஆளு மூஞ்சியப் பாத்துத்தான்க்கா நாம பதில் சொல்லுவோம். ஒருத்தர் வீட்டுக்குப் போறோம். சாப்பிட்டியாத்தான்னு கேட்டா, வயிறு கத்துனாலும் ‘இப்பத்தான் சாப்பிட்டு வாரேன்’னுதானே சொல்றோம்? நீங்க அந்தக் கேள்வியத்தான் இருபத்துநாலு தடவ கேட்டிருக்கீக.”

எம்.எட். பாடத்தில் கேள்வித்தாள் தயாரிப்பது பற்றி ஒரு முழு அத்தியாயம் உண்டு. இந்த ஒரு வாக்கியத்தை அதில் நான் படித்ததில்லை.

மேடம் சொன்னபடி இந்தத் தடவை காகிதத்தில் அச்சடித்தேன். ‘இப்போது படிக்கும் பாடம் உங்களுக்கு எதிலிருந்து வருகிறது’, ‘யார் போனில் படிக்கிறீர்கள்’ என்று புதிதாக இரண்டு கேள்வி சேர்த்தேன். செருப்பு வாங்கிய அட்டைப் பெட்டியில் ஓட்டை போட்டு, மடித்துப் போடச் சொல்லி, நான் வெளியே நின்றுகொண்டேன்.

பெட்டியைத் திறந்து பார்த்தால் மறுபடியும் ஆமாம், ஆமாம். பார்க்க இயல்பாக இருக்கட்டும் என்று அங்கங்கே ஓர் ‘இல்லை’யை உப்புக் கல் மாதிரித் தூவியிருந்தார்கள். பாடத் தோட்டத்தை எழுபத்தெட்டு பேர் திறந்து பார்த்திருந்தார்கள். எதிலிருந்து படிக்கிறீர்கள் என்ற கேள்விக்கு எண்பது பேர், ‘கல்லூரி ஆப்.’

“ஏன்டா இப்படிப் பண்றீக?” என்று முத்தரசுவிடம் அழாத குறையாகக் கேட்டேன்.

அவன் தலையைச் சொறிந்தான். “அன்னைக்கு அப்படி வஞ்சீகல்லக்கா. இல்லைன்னு போட்ட ஒரு ஆளுக்கே அந்தப் பாட்டு. எதுக்கு வம்புன்னு...”

அப்படியா சேதி. அன்றே குரூப்பில் மறுபடி குரல் பதிந்தேன். நான் திட்டியது தப்பு, அந்த ஒருவர் எழுதியதுதான் சரி, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று மனசாரச் சொன்னேன். உடனே கும்பிடு பொம்மையாக வந்து குவிந்தது. ‘ஐயோ அக்கா, நீங்க போயி மன்னிப்புக் கேட்டுக்கிட்டு’, ‘பெரிய மனசுக்கா உங்களுக்கு.’ மறுபடி படிவம் கொடுத்தேன். மறுபடி ஆமாம். நான் கோபத்தை மறைத்துக்கொண்டு நல்ல வார்த்தை பேசுகிறேன் என்று நினைத்துவிட்டார்கள். கோபக்காரி மன்னிப்புக் கேட்டால் அதையும் யார் நம்புகிறார்கள்?

இப்படியே நாள் ஓடி, முப்பதாம் தேதிக்கு ஆறு நாள்தான் இருந்தது. அன்றைக்கும் கண்டனூர் போய் அந்த எட்டேகால் பஸ்ஸில் ஏறினேன். இரண்டு பெண்களுக்கும் சொல்லிவிட்டுப் போகலாம் என்றுதான்.

“இந்த வருஷம் ஆகாது போலத்தா. மேடத்துக்கிட்ட ஆறு மாசம் தள்ளிக் கேக்கப் போறேன். ஸ்கூல்ல வேற ஆளப் போட்டுக்கங்கன்னு சொல்லிற வேண்டியதுதான். நீங்க ரெண்டு பேரும் எனக்கு எம்புட்டோ செஞ்சீக. ஒன்னை வஞ்சதுக்கு எனக்கு இது வேணும் சிகப்பி.”

சத்தியப்பிரியா, “அப்படிச் சொல்லாதீகக்கா” என்றாள். சிகப்பி அதற்குள் பாடத்தை ஓடவிட்டு எழுத ஆரம்பித்துவிட்டாள். படிக்கிற பிள்ளை, அதற்கு என் அழுகையைக் கேட்கவா நேரம் என்று நினைத்துக்கொண்டு நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கண் நிறைந்துவிட்டது, அது அவர்களுக்குத் தெரிய வேண்டாம்.

ஒன்பதே முக்காலுக்கு நான் மேடம் அறையில் உட்கார்ந்து, தள்ளிவைக்கச் சொல்லும் கடிதத்தில் தேதி போட்டுக்கொண்டிருந்தேன். போன் அதிர்ந்தது. வழக்கமான நோட்ஸ் படம். கடைசிக் கணக்கு முடிந்த இடத்தில் ஒரு கோடு போட்டு, அதே குண்டு எழுத்தில் எழுதியிருந்தது.

‘எழுதியது: சிகப்பி, பி பிரிவு, கண்டனூர். இரண்டு வருஷமாக வரும் நோட்ஸ் எல்லாம் நான் எழுதியது. என்னிடம் போன் கிடையாது. சத்யா போனில் கேட்டு பஸ்ஸில் எழுதுகிறேன். அகிலா அக்கா திட்டிய அந்தப் படிவமும் என்னுடையதுதான். நான் இல்லை என்று போட்டதால் அக்காவுக்கு ஒரு கெடுதலும் வரவில்லை. நீங்கள் ஆமாம் என்று போட்டதால்தான் அக்கா இன்றைக்குப் பஸ்ஸில் அழுதார். உள்ளதை எழுதுங்கள்.’

போனை மேடத்திடம் நீட்டினேன். அவர் படித்தார். நான் எழுதிக்கொண்டிருந்த கடிதத்தை இழுத்து நாலாக மடித்து மேசைக்குள் போட்டார்.

“கெளம்பு. பெட்டியத் தூக்கிட்டு வகுப்புக்குப் போ. வெரசாப் போ!”

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அன்று மதியமே படிவம் கொடுத்தேன். ஒருத்தன் எழுந்து, “அக்கா, அந்த ஆப்ப நான் ஒரு நாளும் தொறந்ததே இல்ல. எழுதலாமா?” என்று கேட்டான். “எழுதுடா ராசா, நல்லா அழுத்தி எழுது” என்றேன். வகுப்பே சிரித்தது. அன்றைக்கு மடித்துப் போட்ட காகிதங்களில்தான் என் ஆய்வேடு இருந்தது. ஆப்பைத் தவறாமல் பார்ப்பவர்கள் பதினொரு பேர். குரூப்பில் வரும் கையெழுத்து நோட்ஸைப் பார்த்துப் படிப்பவர்கள் எழுபத்தொன்பது பேர். பாடத் தோட்டத்தைத் திறந்தவர் ஒருவருமில்லை. முப்பதாம் தேதி மூன்றரை மணிக்கு ஆய்வேட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர், இந்தப் பஸ் விஷயம் நன்றாக இருக்கிறதே, இதை யார் சொன்னார்கள் என்று இரண்டு தடவை கேட்டார். பதில் சொன்னவர் பேரை வெளியே சொல்லக் கூடாது என்பது விதி, சொல்லவில்லை. ஜூனில் வேலையில் சேர்ந்தேன். இப்போது சிகப்பியிடம் சம்மதம் கேட்டுக்கொண்டுதான் இங்கே பேரோடு எழுதுகிறேன்.

ஆனால் நான் சொல்ல வந்தது, சிகப்பி பேர் போட்டு எழுதியதற்கு மறுநாள் காலையை.

எட்டேகால் பஸ். நான் முன்கூட்டியே போய், அவர்களுக்குப் பின் சீட்டில் உட்கார்ந்துகொண்டேன். சிகப்பியின் கையைப் பிடித்துக்கொண்டு, “ஒனக்கு நான் என்னத்தா செய்யப் போறேன்” என்றேன். அழக் கூடாது என்று நினைத்துப் போனவள், அங்கேயே அழுதேன். அவள், “பஸ்ஸுல எல்லாரும் பாக்குறாகக்கா” என்று கூச்சப்பட்டாள். முகம் வெளிறிப்போய் இருந்தது. நேற்று வகுப்பில் தலை நிமிராமல் இருந்துவிட்டு, மணி அடித்ததும் ஓடிவிட்டாளாம், இரவெல்லாம் தூங்கவில்லையாம். எல்லாருக்கும் தெரிந்துவிட்டது, இனிமேல் எப்படிப் பார்ப்பார்கள் என்கிற பயம். அவளிடம்தான் போன் இல்லையே, குரூப்பில் யார் என்ன சொன்னார்கள் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

சத்தியப்பிரியா போனை அவள் மடியில் வைத்தாள். பாடம் ஓடவில்லை. குரூப்தான் திறந்திருந்தது. அவள் பேருக்குக் கீழே நூற்றுப் பதினேழு பதில்கள்.

முதலில் முத்தரசு. ‘ரெண்டு வருசமா ஒன் கணக்க வச்சுத்தான் நான் பாஸ் பண்ணுனேன் சிகப்பி. ஒன் பேரு தெரியாமப் போச்சே. நல்லா இரு தாயி.’ அடுத்து ஒரு பெண், அவள் அரியர் எழுதித் தேறிய தாளின் பேரை மட்டும் போட்டு, பக்கத்தில் ‘நன்றி’ என்று எழுதியிருந்தாள். இன்னொருத்தி, எழுத்து துள்ளுவதைப் பார்த்து சத்யாவுக்குக் கை நடுக்கம் என்று நினைத்தேன், பள்ளம் என்று இப்போதுதான் தெரிகிறது என்று எழுதியிருந்தாள். சிகப்பி விரலால் மெதுவாகத் தள்ளித் தள்ளிப் படித்தாள். பாவம் என்று ஒருவரும் எழுதவில்லை. நான் தோளுக்கு மேலே எட்டி ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

நடுவில் தெரியாத ஓர் எண்ணிலிருந்து ஒன்று வந்திருந்தது. ‘நான் வேல்பாண்டி, ஏ பிரிவு. இது என் அண்ணன் போன். எனக்கும் சொந்தமாப் போன் கிடையாது. மூணு வருசமா யாருக்கிட்டயும் சொல்லல. நீ சொல்லிட்ட. நேத்து நானும் இல்லைன்னே போட்டுட்டேன்.’

நேற்று மதியப் படிவங்களை நான் எண்ணியிருந்தேன். சொந்தப் போன் இல்லை என்று போட்டவர்கள் பதின்மூன்று பேர். ஒரே வகுப்பில், பக்கத்துப் பக்கத்து பெஞ்சில், ஒருவருக்கு ஒருவர் தெரியாமல் பதின்மூன்று பேர். அதை அவள் காதில் சொன்னேன்.

சிகப்பி அந்த ஒரு பதிலை மட்டும் மறுபடி மேலே இழுத்துப் படித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, பேனாவைத் திறந்து, நோட்டில் ஒரு புதுப் பக்கத்தைப் புரட்டினாள். பாடம் எழுதத்தான் போகிறாள் என்று நினைத்தேன். அவள் மேலே முத்தரசு என்று எழுதி, கீழே ஒவ்வொரு பேராக இறக்கிக்கொண்டு வந்தாள். காரைக்குடி வந்துவிட்டது. இருபத்திரண்டு பேர்தான் ஆகியிருந்தது.

“எல்லாருக்கும் பதில் சொல்லணும்லக்கா” என்றாள். “ஒரு பஸ்ஸு பத்தாதே.”